பூவரசும் செவ்வரத்தையும்

வீட்டைக் கட்டி முடித்தவர் அடுத்து நோக்குவது வளவை. சுவர் எழுந்து, கூரை வேய்ந்து, கிணறும் தோண்டியாயிற்று. எஞ்சிக் கிடப்பது வெறுமணல். அதில் முதலில் நடத்தக்கது யாது? கண்ணுக்கு இனிய பூஞ்செடியா, உடலுக்குத் தண்மை தரும் நிழல்மரமா? எளிய வினாப்போலத் தோன்றும் இது, கடற்கரை ஊர்களிற் குடியிருப்போருக்கு அத்துணை எளியதன்று. பொருந்தாத செடியை ஓராண்டிற் பிடுங்கி எறியலாம். பத்தாண்டு வளர்ந்த மரத்தை அவ்வாறு செய்தல் இயலாது. நடாமல் விட்ட மரத்தின் இழப்போ அப்பத்தாண்டும் கழிந்த பின்னரே தெரியவரும்.

இத்தகைய வினாவைப் பொதுப்பட ஆராய்வதிலும் ஓர் ஊரை முன்னிறுத்தி ஆராய்வதே பயனுடைத்து. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருந்தெருவில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்தது பாலமுனை. அது தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். கிழக்கே வங்கக் கடல்; மேற்கே நெல்வயல்; இரண்டுக்கும் நடுவே கடல் குவித்த மணல். வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எனத் தொடரும் ஊர்களின் நிலமும் பெரிதும் இத்தன்மையதே. ஆதலின் பாலமுனைக்குப் பொருந்துவது அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பூஞ்செடிகளுள் செவ்வரத்தையும் நிழல்மரங்களுள் பூவரசும் இங்கு ஒப்புநோக்கற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தென்னையை நிழல்மரமென்று கொள்வாருமுளர். அது பயன்மரமேயன்றி நிழல்மரமன்று. அதன் கீற்று நிழல் நிலையாக ஓரிடத்து நில்லாது. அதன் அடியிற் பாய் விரித்துப் படுப்பவர் மேலே தொங்கும் குலையையும் நோக்கிக்கொண்டே படுத்தல் வேண்டும். வேம்பு சிறந்த நிழல்மரமே. ஆயினும் சிறு வளவை அது விரைவில் நிரப்பிவிடும்.

செவ்வரத்தையையும் பூவரசையும் எதிரெதிரே நிறுத்துவதில் ஒரு சுவை உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தவை. பருத்தி, வெண்டி, துத்தி ஆகியன அடங்கிய மல்வாக் குடும்பத்தையே இரண்டும் சார்ந்தன. இவ்வுறவைக் காண நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. இரண்டன் பூவையும் கையிலெடுத்துப் பார்ப்பின், ஐந்து இதழ்கள் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருத்தலையும், நடுவே மகரந்தத் தாள்கள் பலவும் ஒன்றுகூடி ஒரு குழலாகிச் சூல்தண்டைச் சூழ்ந்திருத்தலையும் காணலாம். தமிழ்நாட்டார் செவ்வரத்தையைச் செம்பருத்தி என்பர். தாவரவியலார் வகுத்த உறவைப் பெயரளவில் அவ்வழக்கு முன்னரே சொல்லிவிட்டது. பூவரசு என்னும் பெயர் அதன் இலையை நோக்கி எழுந்ததாகக் கருதலாம். அரசிலைபோன்ற இலையும் கண்கவர் பூவும் உடையது அது. சுவீடன் நாட்டு இலினேயசு 1753இல் இதற்குப் பெயரிட்டபோது, தம் நாட்டவர் அறிந்த பொப்பிலர் மரத்தின் இலையோடு இதன் இலையை ஒப்பிட்டார். ஒரே இலையைக் கண்ட இரு நாட்டாரும் தத்தம் முற்றத்து மரத்தையே நினைந்தனர் என்க.

இலினேயசு அந்நூலில் இரண்டையும் இபிசுக்கசு என்னும் ஒரே பேரினத்துள் வைத்தார். செவ்வரத்தை இபிசுக்கசு உரோசா-சினென்சிசு, அஃதாவது சீனத்து உரோசா எனப்பட்டது. பூவரசு பின்னர்ப் பிரிக்கப்பட்டு, 1807 முதல் தெசுப்பீசியா என்னும் வேறொரு பேரினமாயிற்று. தெய்வத்தன்மை உடையது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். கப்பித்தான் குக்குடன் கடற்பயணஞ் செய்த சொலாண்டர் என்னும் அறிஞர், தாகித்தித் தீவில் வழிபாட்டிடங்களின் அருகே இம்மரம் போற்றப்படுதலைக் கண்டு இப்பெயரைத் தெரிந்தார் என்பர்.

இரண்டும் கடல்கடந்து பரவியவையே. பரவிய முறைதான் வேறு. பூவரசின் காய் நீரில் மிதக்கும்; உள்ளிருக்கும் வித்துப் பல மாதங்கள் உவர்நீரிற் கிடந்தும் முளைக்கும் ஆற்றல் கெடாது. ஆதலின் இந்துமாகடல், பசிபிக்குமாகடல் ஆகியவற்றின் வெப்பக் கரைகளெங்கும் அது தானாகவே போய்ச் சேர்ந்தது. செவ்வரத்தையோ பெரும்பாலும் வித்துக் கட்டுவதில்லை. அதன் காட்டுவடிவம் எந்நாட்டிலும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. பசிபிக்குத் தீவுகளின் இரு வேறினங்களை மனிதர் ஒருசேர வளர்த்ததாற் பிறந்த கலப்பினமே இது என அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். அது எவ்வாறாயினும், ஒரு தடியை ஒடித்து ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுக்க, அதனாலேயே அது உலகெங்கும் பரவியது. பூவரசைக் கரைக்குக் கொண்டுவந்தது அலை. செவ்வரத்தையைக் கொண்டுவந்தது கை. வளவில் அவை நடந்துகொள்ளும் முறையை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு ஒன்றே பெரிதும் துணைசெய்யும். மனிதர் கையால் வந்தது இன்றும் மனிதர் கையையே எதிர்பார்த்து நிற்கிறது.

இனி நிலத்தையும் காலத்தையும் நோக்குவோம். பாலமுனை ஏறத்தாழ வட அகலக்கோடு 7¼ பாகையிற் கிடக்கிறது. ஆகவே ஏப்ரில் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் ஞாயிறு நண்பகலில் உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே நிற்கும். யூன் 21ஆம் நாளளவில் உச்சியினின்றும் 16 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். அக்காலத்தில் அது மறைவதும் நேர்மேற்கிலன்று. மேற்கினின்றும் 23½ பாகை வடக்கே தள்ளியே மறையும். கடுங்கோடையின் பிற்பகல் வெயில் வீட்டின் மேற்குச் சுவரையும் வடமேற்கு மூலையையும் சுடுவது இதனாலேயாம். தென்புறத்தில் நிழல்மரம் நட்டுவிட்டு, கோடையில் வீடு ஏன் குளிரவில்லை என்று வியப்போர் இதனை எண்ணிப் பார்த்தாரில்லை.

அக்கோடையிலேதான் கச்சான் வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, இப்பாற் சரிவில் இறங்கும்போது அமுக்கத்தாற் சூடேறி, ஈரமற்ற காற்றாகிக் கிழக்குக் கரையை அடைகிறது. மலைநாட்டில் மழை பெய்துகொண்டிருக்கும் நாட்களிற் பாலமுனையில் இலை வாடுவது இதனால். வடகீழ்ப் பருவக்காற்றோ ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மாரிமழையைத் தருகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அச்சில மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடும். மணல் அதனை உடனே குடித்துவிடுகிறது. மேற்பரப்பில் ஒன்றும் தங்குவதில்லை.

குடித்த நீர் எங்கே போகிறது? இவ்வினாவே மற்றெல்லாவற்றிலும் முதன்மையானது. கடற்கரை மணலின் கீழே உவர்நீர் உண்டு. மழையால் இறங்கிய நன்னீர் அதனோடு உடனே கலந்துவிடாது, எடை குறைந்தமையால் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். ஊரின் கிணறுகள் இந்நன்னீர் வில்லையிலேயே இறங்கியுள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பாரும், 1901இல் செருமானியரான ஏர்சுபேர்க்கு என்பாரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி வரையும் நன்னீர் நிற்கும். இதனைத் திருப்பி நோக்குமிடத்து அச்சந் தருவதாகிறது. மேல்மட்டம் நிலையாக 1 அடி தாழுமாயின், கீழேயுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி உயர்ந்து வரும்.

ஆகவே பூஞ்செடிக்கு வார்க்கும் நீர் வெறும் நீரன்று. ஒரு செவ்வரத்தைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 2 வாளி என்றும், ஒரு வாளி 10 இலீற்றர் என்றும் கொள்ளின், வேலியோரம் 10 செடி நிறுத்தியவர் நாள்தோறும் 200 இலீற்றர் இறைத்தல் வேண்டும். கச்சான் வீசும் 3 மாதத்தில் அது 18,000 இலீற்றர். கயிறும் வாளியுமாக இறைத்த காலத்தில் உழைப்பே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. மின்பொறி வந்தபின் அக்கட்டுப்பாடு நீங்கியது. மின்பொறி ஓரிடத்திலிருந்து விரைந்து உறிஞ்சும்போது, கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் மேலெழும்புகிறது. அயலார் கிணறு நன்றாயிருக்கத் தம் கிணறு மட்டும் உவர்த்துவிட்டது என்று முறையிடுவோர், தம் பொறி ஓடும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

மரமும் நீரைக் குடிக்கிறதன்றோ என்று வினவலாம். குடிக்கிறது, வளர்ந்த பூவரசு ஒரு செவ்வரத்தையினும் மிகுதியாகவே குடிக்கும். ஆயின் அதன் வேர் பரந்த இடத்திலிருந்து சிறிது சிறிதாக உறிஞ்சுமாதலின், கிணற்றடியில் நேர்வதுபோன்ற கூம்பு அங்கு எழுவதில்லை. அன்றியும் முதலிரு கோடைகளை நீர் வார்த்துக் கடத்திவிட்டால், அதன்பின் அது எவர் கையையும் எதிர்பாராது. செவ்வரத்தையின் வேர் மேல்மணலிலே தங்குவது. வாளி நின்றால் இலை மஞ்சளித்து உதிரும், மொட்டு விரியாமலே விழும். வீட்டார் ஒரு மாதம் வெளியூர் சென்று திரும்பின், பூவரசு நின்றபடியே நிற்கும். செவ்வரத்தை நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

உவர் என்னும் பேச்சோடு 2004 திசெம்பர் 26ஆம் நாளையும் நினையாதிருத்தல் இயலாது. அன்று எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். உயிரிழப்புக்கு முன்னே மரஞ்செடிகளின் இழப்பைப் பேசுவது சிறுமையாகும். எனினும் எஞ்சியோர் மீண்டும் வளவுக்குத் திரும்பியபோது எதிர்கொண்டவை உவர்த்த கிணறும் உவர்த்த மண்ணுமே. கிணற்றை இறைத்து இறைத்துத் தூய்மை செய்ய முயன்ற இடங்களில் உவர் குறையாது நின்றதும் உண்டு. மணலினின்றும் உப்பைக் கழுவியது மழையே. உவர் தங்கிய மண்ணில் முதலில் நடத்தக்க மரங்களுள் பூவரசு ஒன்று. கடலோரச் சதுப்பின் விளிம்பிலும் வளரும் இயல்புடையதாதலின், இலையில் உப்புத்துளி படிவதையும் வேரில் உவர்நீர் தட்டுவதையும் அது தாங்கும். செவ்வரத்தை சிறிது உவரைத் தாங்குமாயினும் மிகுதியானாற் கருகும்.

பூவரசு பேரலையைத் தடுக்கும் என்று சிலர் கூறுவதை அப்படியே ஏற்றல் தகாது. ஒரு வளவில் நிற்கும் ஒரு மரம் அத்தகைய அலையின் முன் எம்மாத்திரம்? காற்றைத் தணிப்பதும், மணல் பறப்பதைக் குறைப்பதும், உப்புத்துளியை வடிப்பதும் அதன் இயல்பான பணிகள். அவற்றுக்காகப் போற்றுதலே சாலும்.

இதுகாறுங் கூறியன யாவும் பூவரசின் பக்கமே சாய்வனபோலும். செவ்வரத்தைக்குரிய பெருமையையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அது காத்திருக்கச் செய்வதில்லை. பென்சில் பருமனான ஒரு தடியை மாரியில் ஊன்றினால், அடுத்த மாரிக்குள் பூவைக் காணலாம். புதிதாகக் குடிபுகுந்த வீட்டுக்கு, அதுவும் துயரொன்றைக் கடந்து வந்தவர் வீட்டுக்கு, ஓராண்டுக்குள் ஒரு பூ மலர்வது சிறிய செய்தியன்று. அதன் உயரம் வெட்டுவோர் விருப்பம். சன்னல் மட்டத்தில் நிறுத்தலாம், வேலியாக அடர்த்தலாம். தேன்சிட்டு நாள்தோறும் வரும். இலையை அரைத்துத் தலைக்கு வைத்து முழுகுவர். இதழைத் தோலில் தேய்த்தாற் கரிய மினுக்கம் உண்டாகும்; ஆங்கிலேயர் இதனைச் சப்பாத்துப்பூ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தது அதனாலேயே. பள்ளி மாணவர்க்கு வேறொரு பயனும் உண்டு: இதழின் சாறு புளிப்புப் பொருளிற் சிவக்கும், காரத்திற் பச்சையாகும். விலை கொடுத்து வாங்கும் பாசிச்சாயத்தாள் இல்லாத இடத்தும் இப்பூ அப்பணியை ஒருவாறு செய்யும். மலாயா 1960 யூலை 28இல் இதனையே தன் நாட்டுப்பூவாக அறிவித்தது.

சமயத்தில் இதற்குள்ள இடம் பெரிது. வடமொழியார் இதனைச் சபாகுசுமம் என்பர். எழுஞாயிற்றின் நிறத்துக்கு உவமையாக்குவர். காளிக்கும் விநாயகருக்கும் இது உகந்த மலராகச் சாத்தப்படுகிறது. தத்துவ நூலாரும் இதனை விட்டாரில்லை. பளிங்கின் அருகே சபாகுசுமத்தை வைத்தால் பளிங்கு சிவந்து தோன்றும், அகற்றினால் தன்னியல்பிலே விளங்கும் என்னும் உவமை, ஆன்மா சார்ந்ததன் வண்ணமாய்த் தோன்றுதலை விளக்க வேதாந்திகள் பெரிதும் எடுத்தாண்டது. வேலியோரத்துச் செடி ஒன்று இத்துணை நுண்பொருளுக்குக் கருவியானமை வியத்தற்குரியது.

வளவுக்கு எது வேண்டும் என்பது வீட்டாரின் வாழ்க்கைமுறையையும் பொறுத்ததாகும் என்பது இதனால் விளங்கும். பாலமுனைக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவில், நாள்தோறும் விடியலிற் பூக்கொய்து பூசைக்கு வைக்கும் வீட்டுக்குச் செவ்வரத்தை அழகுச்செடி மட்டுமன்று. அது ஓர் அன்றாடத் தேவை. நீர்ச்செலவை அவர்கள் வேறு கணக்கில் வைப்பர். அவ்வூரிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947), ‘ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று’ என்னும் பாடலிற் புறத்து மலர்களை விலக்கி, உள்ளமும் கூப்பிய கையும் விழியுமே இறைவன் விரும்பும் மலர்கள் என்றார். கிணறு உவர்த்த கோடையிலும் வாடாத மலர்கள் அவை. பாலமுனை வீட்டுக்கோ வழிபாட்டுக்குப் பூ வேண்டியதில்லை. ஆங்குச் செவ்வரத்தை கண்ணுக்கு இன்பம் தரும் செடியாகவே நிற்கும். மரம் நடுதல்பற்றிய நபிமொழி ஒன்றும் அவ்வூரவர் அறிந்ததே: ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்ணுமாயின், அது நட்டவர்க்கு ஈகையாக எண்ணப்படும். பூவரசின் குழையை வளவிலுள்ள ஆடு உண்ணும்போது இம்மொழி பொருந்தி வருகிறது. செவ்வரத்தையின் தேனைச் சிட்டு உண்ணும்போதும் பொருந்தாமற் போகாது.

பூவரசுக்குப் பூவின் பெருமை இல்லையென்று எண்ணுதலும் தவறு. காலையில் இளமஞ்சளாய் விரிந்து, அடியிற் கருஞ்சிவப்புப் பொட்டுத் தாங்கி, வாடும்போது செம்மையும் ஊதாவும் கலந்த நிறமடைகிறது அப்பூ. சிங்கள மக்கள் இதனைச் சூரிய மல் என்பர். 1930களின் தொடக்கத்தில், நவம்பர் 11இல் ஆங்கிலேயப் படையினர் நிதிக்காகப் பொப்பிப்பூ விற்கப்பட்டபோது, அதற்கு எதிராக இந்நாட்டு இளைஞர் சிலர் இப்பூவை விற்றுச் சூரிய மல் இயக்கம் நடத்தினர். 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது அவ்வியக்கத்தார் ஊரூராகச் சென்று தொண்டாற்றினர். வேலிக் கதியாலில் எவரும் கவனியாது பூக்கும் பூ, ஒருகாலத்தில் நாட்டரசியலின் அடையாளமாய் நின்றது.

ஆயினும் பூவரசின் உண்மையான பெருமை நிழலிலும் குழையிலுமே உள்ளது. அதன் முடி 20 அடி விட்டமுடையதாயின், நிழற்பரப்பு ஏறத்தாழ 314 சதுர அடி. ஒரு பேர்ச்சு 272¼ சதுர அடியாதலின், 10 பேர்ச்சு வளவில் அது ஒரு பேர்ச்சுக்குச் சிறிது மேற்பட்ட இடத்தையே மூடும். அவ்விடமும் இழந்த இடமன்று. அடிமரம் நிற்கும் ஓரடி தவிர மற்றையதெல்லாம் கூரையில்லா அறையொன்று கிடைத்ததற்கு ஒப்பாகும். வலை பொத்துவோர், பாய் இழைப்போர், பாடம் படிக்கும் பிள்ளைகள் யாவர்க்கும் பிற்பகலில் அது இருக்கை. ஓட்டுக்கூரையின் நிழலும் நிழலே. ஆனால் ஓடு தான் பெற்ற வெப்பத்தைக் கீழே கக்கும். இலையோ பெற்ற வெப்பத்தின் பெரும்பகுதியை நீரை ஆவியாக்குதலிலே செலவிட்டுவிடும். மரநிழல் குளிர்வதற்குக் காரணம் இதுவே.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பூவரசங்குழையை நிலத்திற் புதைத்து உரமாக்கும் வழக்கம் பலரும் அறிந்தது. பாலமுனையின் மேற்கே வயல் உள்ளதாதலின், மாரிக்கு முன் வெட்டும் குழையை ஆட்டுக்கும் போடலாம்; வயலுக்கும் கொண்டுபோகலாம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும் பிள்ளைகளின் பயனை எக்கணக்கிற் சேர்ப்பது என்பது தெரியவில்லை; அதுவும் பயனே. முதிர்ந்த மரத்தின் வைரம் வண்டிக்கும் படகுக்கும் தளவாடத்துக்கும் உதவும்.

குறைகளும் உண்டு. ஆண்டெல்லாம் இலையுதிரும், பெருக்குவோர் கைக்கு ஓய்வில்லை. மாரியில் மயிர்க்கொட்டி சேர்வதுண்டு. செவ்வரத்தைக்கு மாவுப்பூச்சி பெரும் பகை. பப்பாசியைத் தாக்கும் மாவுப்பூச்சி 2008இல் இலங்கையிற் கண்டறியப்பட்டபோது, செவ்வரத்தையும் அதற்கு இரையாயிற்று. பின்னர் அப்பூச்சியின் உடலில் முட்டையிடும் நுண்குளவி ஒன்று வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்டமையால் அதன் பெருக்கம் தணிந்தது. ஒரே குடும்பத்தவை ஆதலால், பருத்தியைத் தாக்கும் சில பூச்சிகள் பூவரசிலும் தங்கும். பருத்தி விளையும் நாடுகளில் இதனைக் குற்றமாகச் சொல்வர். பாலமுனையில் அக்குற்றம் எடுபடாது. மரத்தை வீட்டுக்கு மிக அணித்தாக நடுவதே பெருங்குற்றம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளைத் திரள்திரளாக வீழ்த்தியது. எந்த மரமும் விழும். விழுந்தாற் கூரையில் விழாத தொலைவில் அது நிற்றல் வேண்டும், அல்லது கூரைக்கு எட்டாத உயரத்தில் அதனை வெட்டி நிறுத்துதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே எண்ணும்போது, எது சிறந்தது என்னும் வினா, எது எங்கே நிற்கவேண்டும் என்பதாக மாறிவிடுகிறது. பூவரசின் இடம் மேற்கும் வடமேற்கும். வீட்டுச் சுவரினின்றும் 15 அடியேனும் தள்ளி நட்டு, 20 அடி உயரத்துக்கு வளரவிட்டால், பிற்பகல் ஞாயிறு 30 பாகை உயரத்துக்குத் தாழும் வேளையில் அதன் நிழல் 35 அடி நீளும். சுவர் முழுவதும் அதனுள் அடங்கும். கச்சானின் அனலும் அதன் இலையிலே முதலிற் படும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் அணித்தாக அதனை நடலாகாது. நீர்தேடும் வேர் கட்டைப் பிளக்கும். செவ்வரத்தையின் இடம் கிழக்கு. கடற்காற்றைத் தடுக்காத தாழ்ந்த வேலியாக அது நிற்கலாம். காலை வெயில் அதற்கு வேண்டும். பூவரசின் நிழலில் வைத்தால் இலை பெருகுமேயன்றிப் பூ அரிதாகும்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடலுக்கு மிக அருகிலுள்ள வளவுகளில், வாடைக்காற்று வீசும் மாதங்களில் உப்புத்துளி நேரே கிழக்கு வேலியிற் படும். அங்குச் செவ்வரத்தையை முன்னிறுத்தினால் இலையோரம் கருகும். அத்தகைய வளவில் கிழக்கெல்லையிற் பூவரசங் கதியால்களை நெருக்கமாக ஊன்றி, ஆண்டுதோறும் தலையை வெட்டி ஆளுயர வேலியாக நிறுத்தி, அதன் உட்புறத்தே சிறிது இடைவிட்டுச் செவ்வரத்தையை வைத்தல் தகும். ஒரே இனத்து மரம் மேற்கில் நிழலாகவும் கிழக்கில் மறைப்பாகவும் பணிபுரியும். பெருந்தெருவுக்கு மேற்கேயுள்ள வளவுகளுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஒன்றுக்கு மட்டுமே இடமுண்டு என்னும் நிலை வந்தால், 5 பேர்ச்சுக்குக் குறைந்த வளவில் செவ்வரத்தையே தகும். அவ்வளவில் மரம் அயலார் கூரையிலும் வழக்கிலும் போய் முடியும். அதற்கு மேற்பட்டதாயின் பூவரசே முதலில் நடத்தக்கது.

நடும் காலம் ஐப்பசி, முதல் மழைக்குப் பின். விரைந்து நிழல் வேண்டுவோர் 5 அல்லது 6 அடிக் கதியாலை ஊன்றுவர்; நேரிய அடிமரம் வேண்டுவோர் வித்திட்டு முளைத்த கன்றை நடுவர். மணலில் இரண்டடிக் குழி தோண்டி, கூட்டெருவும் வயல்மண்ணும் கலந்து நிரப்பி, ஆடு எட்டாதபடி கிடுகால் மறைத்தல் வேண்டும். செவ்வரத்தைத் தடியை அதே மாரியிலும் வைக்கலாம். ஆனால் முதலிரு கோடைகளில் நீருக்கு இரண்டும் போட்டியிடுமாதலின், 2 அல்லது 3 செடியோடு நிறுத்திக்கொள்ளுதல் நன்று. அரிசி கழுவிய நீரும் மீன் கழுவிய நீரும் அதற்குப் போதிய உணவு. சவர்க்கார நீரை அதன் அடியில் ஊற்றலாகாது. மூன்றாம் ஆண்டுக் கச்சான் தொடங்கும்போது பூவரசுக்கு நீர் வார்ப்பதை நிறுத்தலாம். அதற்கு ஒதுக்கிய வாளி அன்றுமுதல் செவ்வரத்தைக்கு உரியது. வேண்டுமாயின் வேலியில் இன்னும் இரண்டு தடிகளை ஊன்றலாம்.